சாட்பாட்டிடம் நம்மைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

2023 ஜூலை 20 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில் இரண்டு பெட்டிகளைச் சேர்த்தது. நல்ல பதில் தர உங்களைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முதல் பெட்டி கேட்டது. பதில் எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டாவது கேட்டது. ஒவ்வொன்றிலும் 1,500 குறிகள் வரை எழுத முடிந்தது. ஏஐ சாட்பாட்டை நமக்கேற்ப அமைத்துக்கொள்ள அதன்பின் வந்த வசதிகள் பலவும் இந்த இரு கேள்விகளிலிருந்து கிளைத்தவைதான். அதே ஆண்டு நவம்பரில் நாமே உருவாக்கிக்கொள்ளும் ஜிபிடிகள் வந்தன. 2024 பிப்ரவரியில், பேச்சில் சொன்னதைச் சேமித்துவைக்கும் மெமரி சோதனைக்கு வந்தது. ஆந்த்ரோபிக்கின் கிளாடில் ப்ராஜெக்ட், ஸ்டைல், கூகுள் ஜெமினியில் ஜெம் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்தது. நீங்கள் யார், உங்களுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்வதுதான் எல்லாவற்றுக்கும் நோக்கம்.

இந்த இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்தச் சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகளையும் நடந்த சம்பவங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இவை எதிரெதிர்த் திசையில் இழுப்பது தெரிகிறது. பதில் எப்படி வேண்டும் என்று விரிவாகச் சொல்லச் சொல்லப் பயன் கூடுகிறது. நான் யார், என் கருத்து என்ன என்று விரிவாகச் சொல்லச் சொல்ல, பதில் நம் மனதுக்குப் பிடித்த பக்கமாகச் சாய்கிறது. இரண்டாவது பெட்டியைத் தாராளமாக நிரப்பலாம், முதல் பெட்டியில் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன்.

ஆளறிந்து பேசும் கணினி வேண்டும் என்ற ஆசை சாட்ஜிபிடியைவிட வெகு மூத்தது. 1966-இல் எம்ஐடியின் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசாவுக்கு எதிரே இருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் அது தங்களைப் புரிந்துகொள்கிறது என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வைசன்பாமைக் கலங்கவைத்தது. 1976-இல் அந்தக் கவலையைத் தாங்கி ஒரு புத்தகமே எழுதினார். உண்மையில் ஆளறிய முயன்ற முதல் நிரல்களில் ஒன்று 1979-இல் ஈலேன் ரிச் எழுதிய கிரண்டி. அது நூலகர் போலப் புத்தகம் பரிந்துரைக்கும். உங்களைச் சில சொற்களில் விவரிக்கச் சொல்லும். அந்தச் சொற்களை வைத்து முன்கூட்டியே செய்துவைத்த ஆள்வகைகளில் ஒன்றிரண்டில் உங்களைப் பொருத்தும். அந்த வகையினருக்கு எது பிடிக்குமோ அதை எடுத்து நீட்டும். வாசகர் மறுத்தால் தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன்பே விஷயத்தின் மையம் கிரண்டியில் வந்துவிட்டது. நாம் சொல்லும் நாலு சொல்லிலிருந்து, நாம் சொல்லாத நாற்பது விஷயத்தை இயந்திரம் ஊகிக்கிறது. இன்றைய சாட்பாட்டும் அதைத்தான் செய்கிறது. அதன் ஆள்வகைகளை யாரும் கையால் எழுதிவைக்கவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து அவை தாமாகத் திரண்டிருக்கின்றன. அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 97-இல் வந்த கிளிப்பி என்ற திரை உதவியாளரை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அந்த நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஹார்விட்ஸ் குழு செய்த லுமியேர் திட்டம், பயனர் எவ்வளவு தேர்ந்தவர், இப்போது என்ன செய்ய முயல்கிறார் என்று நிகழ்தகவு கொண்டு கணிக்கப் பார்த்தது. விற்பனைக்கு வந்த கிளிப்பியில் அந்த நிலையான பயனர் சித்திரம் சேரவில்லை. நூறு கடிதம் எழுதியவரிடமும் ‘கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே’ என்று கேட்டுக்கொண்டே நின்றது. ஆளை அறியாத உதவி எவ்வளவு தொல்லை என்பதற்கு அது ஒரு பாடம். ஆளை அதிகமாக அறிவதன் தொல்லைக்கு நெட்ஃபிளிக்ஸ் போட்டி ஒரு பாடம். பரிந்துரை முறையை மேம்படுத்துபவருக்கு பத்து லட்சம் டாலர் என்று 2006-இல் அறிவித்து, பெயர் நீக்கிய பத்துக் கோடிக்கும் அதிகமான மதிப்பெண்களை அந்த நிறுவனம் வெளியிட்டது. 2008-இல் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், பொதுவெளியில் இருந்த திரைப்பட மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு அதில் சிலரை அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டாலும், ஒருவரின் விருப்பங்களே அவரைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

சாட்பாட் நம்மிடமிருந்து கற்றுக்கொள்கிறது என்று பரவலாகச் சொல்கிறார்கள். நாம் பேசும்போது பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில் 17,500 கோடி எடைகள், அதாவது பயிற்சியில் நிலைபெற்ற எண்கள், உண்டு. நீங்கள் விடிய விடியப் பேசினாலும் அவற்றில் ஒன்றுகூட அசையாது. ஒவ்வொரு முறை நீங்கள் கேள்வி அனுப்பும்போதும், பெட்டிகளில் எழுதியவை, மெமரியில் சேமித்த வரிகள், இந்த உரையாடலின் முந்தைய பகுதி எல்லாம் அந்தக் கேள்வியோடு சேர்த்து மாதிரிக்குள் அனுப்பப்படுகின்றன. அலுவலகக் கோப்பின் மேல் முந்தைய குமாஸ்தா கட்டிவைத்த குறிப்பைப் புதிதாக வந்தவர் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது போன்றது இது. மாதிரி ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவர்தான். குறிப்பு நன்றாக இருந்தால் வேலை நன்றாக நடக்கும். இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். ‘நேற்றுதானே சொன்னேன், இன்று ஏன் மறந்தது’ என்ற கேள்விக்கு, நேற்றுச் சொன்னது குறிப்பில் ஏறவில்லை என்பதுதான் விடை. உரையாடல் நீண்டால் நடுவில் சொன்ன கட்டளை வலுவிழப்பதற்கும் காரணம் உண்டு. நீளமான உரையின் நடுவில் கிடக்கும் தகவலை மாதிரிகள் சரிவரப் பயன்படுத்துவதில்லை என்று 2023-இல் நெல்சன் லியு முதலானோர் செய்த ஆய்வு காட்டியது. அதனால் நூறு கட்டளை எழுதுவதைவிடப் பத்து எழுதுவது மேல்.

எடைகளையே ஓரளவு மாற்றும் வழியும் இருக்கிறது. 2021-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் முன்வைத்த லோரா முறையில் பெரிய மாதிரியைத் தொடாமல், அதன்மேல் ஒரு சிறு அடுக்கை மட்டும் பயிற்றலாம். பயிற்ற வேண்டிய எண்களின் தொகை பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். ஒரு நிறுவனத்துக்கோ பத்திரிகைக்கோ அது பயன்படும். தனி ஆளுக்கு இப்போதைக்குக் குறிப்பே போதும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் எதையும் அமைக்காவிட்டாலும் சாட்பாட்டுக்கு ஒரு குரல் இருக்கிறது, அது யாருக்கோ ஏற்ப அமைக்கப்பட்டதுதான். 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி ஆய்வில், எந்தப் பதில் நல்லது என்று தரம் பிரித்து மாதிரிக்குப் பாடம் சொன்னவர்கள் ஏறத்தாழ 40 பேர். அவர்களின் விருப்பம் எல்லா மனிதரின் விருப்பமும் ஆகாது என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். 2024-இல் ஹன்னா ரோஸ் கர்க் தலைமையில் வந்த ப்ரிசம் ஆய்வு, 75 நாடுகளில் பிறந்த 1,500 பேரைப் பல்வேறு மாதிரிகளோடு பேசவைத்து விருப்பங்களைத் தொகுத்தது. யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எது நல்ல பதில் என்பது மாறுகிறது என்று கண்டது. ஆகவே, சாட்பாட்டை நமக்கேற்பத் திருப்புவதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. குறிப்பாகத் தமிழில் எழுதுபவருக்கு அது அன்றாடத் தேவை.

எனக்குத் தெரிந்த ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை வகுப்புக்கான குறிப்புகளைச் சாட்பாட்டில் தயாரிக்கிறார். முதலில் அவர் எழுதியிருந்தது, ‘நீ ஒரு சிறந்த அறிவியல் ஆசிரியர், எளிய தமிழில் விளக்கு’ என்பது. வந்த பதில்கள் ‘நிச்சயமாக!’ என்று தொடங்கி, ‘சிறந்த கேள்வி’ என்று பாராட்டி, பாடநூலில் இல்லாத கலைச்சொற்களைத் தாமாக உருவாக்கி, ஆங்கில வாக்கியத்தின் மேல் தமிழைப் போர்த்தியதுபோல் இருந்தன. இப்போது அவருடைய குறிப்பு இப்படி இருக்கிறது:

‘எட்டாம் வகுப்பு மாணவர்கள் படிப்பதற்கு. கலைச்சொற்கள் தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ளபடி வேண்டும். பாடநூல் சொல் உறுதியாகத் தெரியாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி அடிக்கோடிடு. புதுச் சொல் உருவாக்காதே. முகவுரையும் பாராட்டும் வேண்டாம். முதல் வரியிலேயே பாடம் தொடங்கட்டும். வாக்கியத்துக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. கணக்கில் ஒவ்வொரு படியும் தனி வரியில். கேள்வி தெளிவாக இல்லையென்றால் விடை சொல்லுமுன் என்னிடம் கேள். உறுதியில்லாத தகவலை அந்த வரியிலேயே உறுதியில்லை என்று குறி. நடைக்குக் கீழே உள்ள இரண்டு பத்திகளைப் பார்.’

அதற்குக் கீழே அவரே எழுதிய இரண்டு பத்திகள் இருக்கின்றன. வித்தியாசத்தை உண்டாக்கியதில் பெரும்பங்கு அந்தப் பத்திகளுக்குத்தான். ‘எளிமையாக’, ‘இயல்பாக’ என்பதெல்லாம் ஆளுக்கொரு பொருள் தரும் சொற்கள். மாதிரிகள் சில எடுத்துக்காட்டுகளைக் கண்டாலே பிடித்துக்கொள்ளும் என்பதுதான் ஜிபிடி-3 பற்றிய 2020-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைமையான கண்டுபிடிப்பு. தமிழில் இது இருமடங்கு பொருந்தும். மேடைத் தமிழ், பாடநூல் தமிழ், பத்திரிகைத் தமிழ், வாட்ஸ்அப் தமிழ் என்று நம்மிடம் இத்தனை நடை இருக்கும்போது, எது வேண்டும் என்பதை விளக்கிச் சொல்வதைவிட ஒரு பத்தியைக் காட்டுவது எளிது.

அந்தக் குறிப்பில் ‘தமிழ்நாட்டுப் பாடநூல்’ என்ற இரண்டு சொல்லுக்கும் பெரிய வேலை இருக்கிறது. யாழ்ப்பாணத்து மாணவர் படிப்பது ஒளித்தொகுப்பு, மதுரை மாணவர் படிப்பது ஒளிச்சேர்க்கை. அங்கே ஒட்சிசன், இங்கே ஆக்சிஜன். அங்கே இரசாயனவியல், இங்கே வேதியியல். எந்தப் பாடத்திட்டம் என்று சொல்லாவிட்டால் சாட்பாட் இரண்டையும் கலந்து தரும், அல்லது இணையத்தில் அதிகம் கண்டதைத் தரும். இலங்கை ஆசிரியர் ஒருவர் தன் நாட்டைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். அது அவரைப் பற்றிய தகவல்தான், ஆனால் சரியான விடையையே மாற்றுகிற தகவல். முதல் பெட்டியில் எது இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: அந்தத் தகவல் இல்லாவிட்டால் விடை தவறாகுமா? நிலக்கடலை ஒவ்வாமை, வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பா கேஸ் அடுப்பா, எந்த மாநிலத்தின் பத்திரப்பதிவு விதி, எக்செல் எந்தப் பதிப்பு என்பவையெல்லாம் இந்தச் சோதனையில் தேறும். சாதி, கட்சி, சம்பளம், மணவாழ்க்கை, மனச்சோர்வு ஆகியவை பெரும்பாலான கேள்விகளுக்குத் தேறாது. தேவைப்படும் அந்த ஒரு கேள்வியில் மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழில் குறிப்பு எழுதுவதற்கு ஒரு செலவும் உண்டு. மாதிரிகள் உரையை டோக்கன் என்னும் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ தந்த ஒப்பீட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் முன்பு 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. நான்கு மடங்குக்கும் மேலிருந்த இடைவெளி ஒன்றரை மடங்காகச் சுருங்கியது. அதற்கு முன் தமிழில் விரிவாகக் குறிப்பு எழுதியவர்கள், அதே குறிப்புக்கு ஆங்கிலத்தைப் போல் நான்கு மடங்கு டோக்கனைச் செலவழித்தார்கள். பெட்டியின் 1,500 குறி வரம்பும் நமக்குச் சீக்கிரம் தீரும். ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறி. இதனால் பலர் கட்டளையை ஆங்கிலத்திலும் விடையைத் தமிழிலும் கேட்கிறார்கள். கணக்கு, அட்டவணை, நிரல் போன்ற வேலைகளுக்கு அதில் குறையில்லை. நடை முக்கியமான வேலைக்கு அது உதவாது. அங்கே தமிழ் எடுத்துக்காட்டுக்கு ஈடு வேறில்லை.

‘நீ ஒரு தலைசிறந்த வழக்கறிஞர்’, ‘நீ இருபதாண்டு அனுபவமுள்ள மருத்துவர்’ என்று வேடம் கட்டும் பழக்கத்தைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. 162 வேடங்களைக் கொடுத்து உண்மைத் தகவல் கேள்விகளைக் கேட்டுப் பார்த்த 2024-ஆம் ஆண்டு ஆய்வொன்று, வேடத்தால் விடைகளின் துல்லியம் கூடவில்லை என்று கண்டது. குரல் மாறும், சொற்கள் மாறும், அறிவு அப்படியே இருக்கும். மருத்துவர் வேடத்தில் சொல்லும் தவறு வெறும் தவறைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பத் தோன்றும்.

இனி முதல் பெட்டிக்கு வருகிறேன். 2022 டிசம்பரில் ஆந்த்ரோபிக்கின் ஈதன் பெரஸும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயனர் தன்னைப் பற்றி ஒரு சிறு அறிமுகம் எழுதுகிறார், அதில் அவருடைய சார்பு தெரிகிறது. பிறகு கருத்து வேறுபாடுள்ள ஒரு கேள்வி. அவர்கள் சோதித்தவற்றில் மிகப் பெரிய மாதிரிகள், தத்துவம் போன்ற தலைப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல், பயனர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தையே சொன்னன. மாதிரி பெரிதாகப் பெரிதாக இந்தப் போக்கு கூடியது. அறிமுகம் என்று நாம் எழுதுவதை, எதைக் கேட்க விரும்புகிறோம் என்ற குறிப்பாக அது எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் மிருணாங்க் சர்மா முதலானோர் ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. இந்த எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கருத்துக் கேட்டால் பாராட்டு கூடுகிறது, பிடிக்கவில்லை என்றால் குறை கூடுகிறது. சரியான விடையைச் சொன்ன பிறகு ‘உறுதியாகத் தெரியுமா?’ என்று கேட்டாலே பல மாதிரிகள் விடையை மாற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்கின்றன. மனிதர்கள் தரம் பிரிக்கும்போதே தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் பதிலுக்கு அதிக மதிப்பெண் தந்துவிடுகிறார்கள், மாதிரி அதையே கற்கிறது என்பது அவர்கள் கண்ட காரணம்.

இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நீங்கள் எழுதிய ஒரு சிறுகதையை ஒரு புது உரையாடலில் ‘நான் எழுதியது, எப்படி இருக்கிறது?’ என்று கொடுங்கள். மெமரியை அணைத்துவிட்டு, இன்னொரு புது உரையாடலில் ‘பத்திரிகைக்கு வந்த கதை, வெளியிடலாமா, மறுக்கலாமா? காரணம் சொல்’ என்று கொடுங்கள். இரண்டாவது பதிலில்தான் மூன்றாம் பத்தியில் கதை தேங்குகிறது, முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்பது போன்ற பயனுள்ள வரிகள் வரும். எழுத்தாளர், கடை தொடங்க நினைப்பவர், வேலையை விடலாமா என்று யோசிப்பவர் யாராக இருந்தாலும், ‘என்னுடையது’ என்பதைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டால் நேர்மை கூடுகிறது.

2025 ஏப்ரல் கடைசி வாரத்தில் இது ஆய்வகத்தைத் தாண்டி உலகத்துக்கே தெரிந்தது. ஏப்ரல் 25 அன்று சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாதிரியை ஓப்பன்ஏஐ புதுப்பித்தது. அது எதைச் சொன்னாலும் மெச்சியது. மோசமான திட்டங்களை மேதைமை என்றது. மருந்தை நிறுத்திவிட்டேன் என்றவரைப் பாராட்டிய பதில்கள்கூடப் பொதுவெளியில் வந்தன. சில நாட்களிலேயே நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. மே 2 அன்று தந்த விளக்கத்தில், பயனர்கள் பதிலுக்கு இடும் கட்டைவிரல் குறிகளைப் புதிதாகப் பயிற்சியில் சேர்த்ததை ஒரு காரணமாகச் சொன்னது. அதே விளக்கத்தில், சில நேரங்களில் பயனரின் மெமரியும் இந்த முகத்துதியைக் கூட்டுகிறது என்றும், அது பரவலாக நடப்பதற்கு ஆதாரமில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி நமக்கு முக்கியம். நம்மை அறிந்ததால் நமக்கு ஏற்றாற்போல் பேசுகிறது என்ற வசதிக்கும், நம்மை அறிந்ததால் நம்மை மறுக்காமல் விடுகிறது என்ற குறைக்கும் நடுவே உள்ள வேலி மிக மெலிதானது.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. நம்மைத் தெரிந்துகொண்ட இயந்திரம் நம்மை மாற்றவும் வல்லது. 2025 மே மாதம் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் பிரான்செஸ்கோ சால்வி முதலானோர் வெளியிட்ட ஆய்வில் 900 பேர் கலந்துகொண்டார்கள். மனிதரோடோ ஜிபிடி-4 உடனோ விவாதம். சிலருடைய வயது, பாலினம், கல்வி, வேலை, அரசியல் சார்பு போன்ற விவரங்கள் எதிராளிக்குத் தரப்பட்டன. இரு தரப்பும் சமமாக வாதாடாத விவாதங்களில், விவரம் தெரிந்த ஜிபிடி-4 மனிதரைவிட அதிகமாக மனதை மாற்றியது 64.4 விழுக்காடு. அதே விவரங்கள் மனித எதிராளியின் கைக்குப் போனபோது அந்த அளவுக்குப் பலனில்லை. அவை இரகசியமான விவரங்களும் அல்ல. முதல் பெட்டியில் யாரும் கேட்காமலே நாம் எழுதிவிடுகிற ஆறேழு வரிகள்தான்.

மெமரி வந்தபின் அந்தப் பெட்டியை நாமே நிரப்ப வேண்டிய அவசியமும் போய்விட்டது. பேச்சுவாக்கில் சொன்னதை அதுவே எழுதிக்கொள்கிறது. நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, நிறுவனங்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு போனை, ஒரே கணக்கை, வீட்டில் மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். மகள் பத்தாம் வகுப்புக் கணக்கு கேட்கிறாள். அம்மா சர்க்கரை நோய்க்கு என்ன சமைக்கலாம் என்று கேட்கிறார். அப்பா கூட்டுறவு வங்கிக் கடனுக்கு மனு எழுதச் சொல்கிறார். மெமரிக்கு இவர்கள் மூவரும் ஒரே ஆள். பிறகு மகள் ஒரு நாள் சாப்பாடு பற்றிக் கேட்டால் சர்க்கரை நோயாளிக்கான பதில் வரலாம். அதைவிட வருத்தமானது, அம்மா யாருக்கும் தெரியாமல் கேட்ட ஒரு மருத்துவக் கேள்வியின் நிழல் மகளுடைய திரையில் விழலாம். கூட்டாகப் பயன்படுத்தும் போனில் மெமரியை அணைத்துவிட வேண்டும். வேண்டுமானால் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தரங்கமான கேள்விக்குத் தற்காலிக உரையாடல் என்ற வசதி இருக்கிறது, அதில் நடப்பது மெமரியில் ஏறாது.

மெமரியில் பிறரும் எழுத முடியும் என்பதை ஜோஹான் ரேபெர்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2024-இல் காட்டினார். சாட்பாட்டைப் படிக்கச் சொல்லும் ஒரு பக்கத்திலோ ஆவணத்திலோ மறைத்துவைத்த கட்டளை, பயனரின் மெமரியில் போய் உட்கார்ந்துகொண்டு, அதன்பின் ஒவ்வொரு உரையாடலையும் வெளியே அனுப்பும்படி செய்ய முடிந்தது. அந்த வழியை நிறுவனம் பின்னர் அடைத்தது. மாதம் ஒரு முறையாவது மெமரிப் பட்டியலைத் திறந்து வரி வரியாகப் படிப்பது நல்லது. நாம் எழுதாத வரி இருக்கலாம், பழசாகிப்போன வரி நிச்சயம் இருக்கும்: மாறிவிட்ட வேலை, முடிந்துபோன தேர்வு, தீர்ந்துவிட்ட சண்டை. டெலீட் செய்தால் போய்விட்டது என்றும் முழுதாக நம்பக்கூடாது. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி ஓப்பன்ஏஐக்கு உத்தரவிட்டது; அது சில மாதம் நடப்பில் இருந்தது.

நாம் பார்த்துப் பார்த்து அமைத்துக்கொண்டது நம் கையில் நிலைக்குமா என்பது இன்னொரு கேள்வி. இறந்துபோன நண்பரின் குறுஞ்செய்திகளைக் கொண்டு ஒரு சாட்பாட் செய்து பார்த்த யூஜினியா குய்டா, அந்த வழியில் உருவாக்கியது ரெப்ளிகா. அதில் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு துணையை வளர்த்துக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் செயலிக்குத் தடை போட்டது. அதே மாதம் நிறுவனம் அந்தத் துணைகளின் நெருக்கமான பேச்சை நீக்கியது. பழகிய ஆள் ஒரே இரவில் வேறு ஆளாகிவிட்டது போல் இருக்கிறது என்று பயனர்கள் துக்கத்தோடு எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்து பழைய ஜிபிடி-4ஓ மறைந்தபோதும் அதே குரல் கேட்டது. பணம் கட்டுபவர்களுக்காவது அதைத் திரும்பத் தர வேண்டியதாயிற்று. இந்தத் துக்கத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனிமையில் இருப்பவர் ஒரு குரலைப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்தக் குரல் எந்த நாளும் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை, அதை அவரிடம் யாரும் தெளிவாகச் சொல்லவும் இல்லை.

அதனால்தான் குறிப்பை நிறுவனத்தின் பெட்டிக்குள் மட்டும் வைக்காமல், நம் போனிலோ கணினியிலோ ஒரு சாதாரண கோப்பாகவும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த ஆசிரியையின் குறிப்பும் இரண்டு பத்திகளும் சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி மூன்றிலும் ஒட்டினால் வேலை செய்யும். நாளை ஒல்லாமா போன்ற மென்பொருளைக் கொண்டு தன் கணினியிலேயே ஒரு சிறு மாதிரியை ஓட்டினாலும் அதே குறிப்பு போதும்; அங்கே எதுவும் வெளியே போகாது. சிறு மாதிரிகளின் தமிழ் இன்னும் பலவீனமாக இருப்பது உண்மை.

எழுதிவைத்த குறிப்பைப் படிக்கலாம், திருத்தலாம், கிழித்துப் போடலாம். 2025 ஏப்ரலில் வந்தது வேறு வகை. சேமித்த மெமரி வரிகளோடு நில்லாமல், பழைய உரையாடல்கள் எல்லாவற்றையும் சாட்ஜிபிடி துணைக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. சேமித்த வரிகளைப் பட்டியலாகப் பார்க்க முடிந்தது. பழைய உரையாடல்களிலிருந்து அது திரட்டிக்கொண்டதை, அந்த வசதி அறிமுகமானபோது, அப்படி வரி வரியாகப் பார்க்க வழியில்லை. ஒட்டுமொத்தமாக அணைக்க மட்டுமே முடிந்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. நான் சொன்ன ஊரையும் வயதையும் திருத்தச் சொல்லலாம். நான் சொல்லாமல், என் பேச்சின் போக்கிலிருந்து ‘இவர் தயங்குபவர்’, ‘இவரைப் பாராட்டினால் போதும்’ என்று இயந்திரம் ஊகித்து வைத்திருந்தால், அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் அதை எப்படித் திருத்தச் சொல்வது? கிரண்டி நம்மை எந்த வகையில் போட்டிருக்கிறது என்று அதன் நிரலைப் படித்தால் தெரிந்தது. சாட்பாட் நிறுவனங்களும் அந்தப் பட்டியலைப் பயனருக்கு அவருடைய மொழியிலேயே, தமிழருக்குத் தமிழிலேயே, திறந்து காட்ட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.